சில்வர் சிங்கங்களும் சீர் அண்டாவும்

ஏனுங்க, அந்தப் பாத்திரத்த மடியிலயே வெச்சுக்குங்க. கீழ வெச்சா இந்த டிரைவரு போற போக்குக்கு கியர் பொட்டி வரைக்கும் உருண்டு போயிரும். கல்யாணத்துக்குங்களா? சந்தோசமுங்க. பழனியிலதானுங்களா? நாங்களும் பழனிக்குத்தான். அதா, முன்னால லேடீஸ் சீட்டுல பச்சச் சேலை கட்டீட்டு உக்காந்திருக்கறது என்ற சம்சாரம், சாந்தாமணி. பஸ்ஸுல ஏறுனா என்ற பக்கத்துல உக்காரவே மாட்டா. நான் பேசறதெல்லாம் ஏற்கெனவே கேட்டாச்சாம். புதுசா யாராச்சும் கேக்கட்டும்னு விட்டுட்டுப் போயிருவா.

பாத்திரத்துல பேரு வெட்டியாச்சுங்களா? காட்டுங்க பாக்கலாம். அட, நல்லா வெட்டியிருக்கானே. மிசின்ல வெட்டுனது. அந்தக் காலத்துல உளி வெச்சு புள்ளி புள்ளியாத் தட்டுவாங்க, தடவிப் பாத்தா வெரலுக்குத் தெரியும். எனக்குப் பாத்திரத்துல பேரப் பாத்தாலே ஒரு ஆளு ஞாபகம் வந்துருமுங்க. ஒரு கேமராமேன். இந்த ஒலகத்துல எனக்கு யாரு மேலயும் கோவம் கெடையாது. கடையில கடன் சொல்லிட்டுப் போயி பக்கத்துக் கடையில ரொக்கத்துக்கு வாங்கறவன் மேலகூட கெடையாது. அந்தக் கேமராமேன் மேல மட்டும் முப்பது வருசமா இருக்குதுங்க.

என்னையப் பாத்தா எப்பிடித் தெரியுது உங்களுக்கு? மளிகைக் கடைக்காரராட்டத்தானே? ஆமாங்க, உடுமலையில மளிகைக் கடைதான். ஆனா நீங்க சின்னப் பையனா இருந்தப்ப டிவியில என்னையப் பாத்திருப்பீங்க. சிரிக்காதீங்க, நெசமாத்தான். வெண்முத்து பாத்திரச் சோப்பு வெளம்பரம் ஞாபகம் இருக்குதுங்களா? நாலு பேரு வெள்ளிக் கலருல டிரஸ்ஸு போட்டுட்டு, தலை நெறைய முடியோட, இத்தாம் பெரிய பூட்ஸு போட்டுட்டு, "தேய்! தேய்! தேய்! விடாமத் தேய்!"னு கத்துவாங்களே? ஆங், பாத்தீங்களா, மொகம் மாறுது. ஞாபகம் வந்துருச்சு. சில்வர் சிங்கங்கள்! அந்த நாலு சிங்கத்துல பின்னால அண்டா வெச்சு அடிக்கற சிங்கம் நானுங்க. கிட்டுசாமி. டிரம்ஸ் கிட்டுன்னா அப்ப இந்தப் பக்கம் அத்தன பேருக்கும் தெரியும்.

நம்பலீங்க நீங்க. பரவால்ல. எல்லாருமே மொதல்ல நம்பறதில்ல. அந்த மேக்கப்பு அப்பிடி.

அப்ப நான் குப்புராஜண்ணனோட தேன்சிட்டு இன்னிசைக் குழுவுல டிரம்ஸு அடிச்சுட்டு இருந்தனுங்க. நோம்பி, கல்யாணம், கடை தொறப்பு, எங்க கூப்பிட்டாலும் வேன்ல ஏறிருவோம். என்ற தாய்மாமனுக்கு அதுதான் ஆகாது. வெள்ளிங்கிரின்னு பேரு. அம்மாவுக்கு ஒரே தம்பி. மடத்துக்குளத்துல தென்னந்தோப்பு. அவரு புள்ளதான் சாந்தாமணி, எனக்கு மொறைப்பொண்ணு. தொட்டில்ல போட்ட அன்னிக்கே "இது என்ற மாப்ள கிட்டுவுக்கு"ன்னு சொன்னவரு அவரேதானுங்க. நான் டிரம்ஸு குச்சியக் கையில எடுத்ததும் பேச்ச மாத்திப்போட்டாரு. "மேடையில தலைய ஆட்டறவனுக்குக் குடுத்துட்டு, என்ற புள்ள தூக்குப்போசியோட அவன் பின்னாலயே ஊரு ஊராத் திரியோணுமா?"ன்னு எங்கம்மா மூஞ்சிக்கு நேராக் கேட்டுப்போட்டுப் போனவருதான். ரெண்டு வருசம் எங்கூட்டுப் படிய மிதிக்கல. என்னைய மாப்ளன்னு கூப்பிடறதையும் விட்டுட்டாரு. வழியில பாத்தா "ஏப்பா"ம்பாரு. யாரோ ஒருத்தனக் கூப்பிடறாப்ல. எனக்குச் சங்கடமா இருக்குமுங்க. அம்மாவுக்கு அதவிட. சந்தையில தம்பியப் பாத்துட்டு வந்தா அன்னிக்குப் பூரா சாப்பிட மாட்டாங்க.

இதுக்கெடையில பொள்ளாச்சியில மோட்டாருக்குக் காயில் கட்டற கடைக்காரரு ஒருத்தரு சாந்தாமணியப் பாத்துட்டுப் போயிட்டாரு. தை மாசம் உறுதி பண்ணிக்கலாம்னு பேச்சு. எனக்குக் கச்சேரியில தாளமே தப்பிப் போச்சுங்க. அவ மனசுல என்ன இருக்குதுன்னும் தெரியல. எப்பிடிக் கேக்கறது? கோயில்ல பாத்தா தலையக் குனிஞ்சுட்டுப் போயிருவா. ஒரே ஒருக்கா, அவங்க ஊரு மாரியம்மன் நோம்பியில எங்க கச்சேரி நடந்தப்ப, மொத வரிசையில வந்து உக்காந்திருந்தா. பாடறவங்களப் பாக்கவே இல்ல. முழுசும் என்ற காலையே பாத்துட்டு இருந்தா. காலுல ஏதாச்சும் சாணி கீணி மிதிச்சுட்டமோன்னு எனக்கு ஒரே கூச்சம். அவளுக்கு நம்ம மேல அப்பிடியொண்ணும் நெனப்பில்லைன்னு அன்னிக்கு முடிவு பண்ணிக்கிட்டேன்.

அந்த நேரத்துலதானுங்க வெண்முத்து மொதலாளி டிவியில வெளம்பரம் போடோணும்னு கெளம்புனாரு. அவரு எங்க ஊருதான். மெட்ராஸுல ஒரு வெளம்பரக் கம்பெனியப் புடிச்சாரு, அங்கிருந்து ஒரு டைரக்டர் தம்பி வந்தாரு. சுதர்சன்னு பேரு. ஒத்தக் காதுல மட்டும் கம்மல். மொதலாளி போட்ட ஒரே கண்டிசன், "படம் எங்க ஊருல எடுக்கோணும், ஆளுக எங்க ஊரு ஆளுகளா இருக்கோணும்." அப்பிடித்தான் குப்புராஜண்ணனும் நானும், கிட்டாரு, கீபோர்டு வாசிக்கற ரெண்டு பேரும் மாட்டுனோம்.

டைரக்டர் தம்பி மொத நாளு ஒரு வீடியோ கேசட்டுப் போட்டுக் காட்டுனாரு. வெள்ளைக்காரப் பாட்டுக்காரங்க. அத்தன பேரும் ஆம்பளைங்கதான். ஆனா உதட்டுல சாயம், கண்ணுல மை, கன்னத்துல நட்சத்திரம், உடம்பு பூரா ஜிகினா. இதுக்குப் பேரு கிளாம் ராக்காம். குப்புராஜண்ணன் நல்லா உத்துப் பாத்துட்டு, "தம்பி, இது நம்மூரு கூத்துல ராசா வேசம் கட்டறவன்தானே? கிரீடத்தைக் காணோம், அவ்வளவுதானே?"ன்னாரு. அந்தத் தம்பி சிரிச்சுட்டு, "அண்ணா, அவங்கள நாம கேலி பண்ணப் போறோம். அவங்க காதலப் பத்திக் கத்துவாங்க, நீங்க அடிப்புடிச்ச பாத்திரத்தப் பத்திக் கத்தோணும். ஆனா ஒண்ணு. யாரும் சிரிக்கவே கூடாது. உசுரே போற மாதிரி சீரியஸாப் பண்ணோணும்"ன்னாரு.

கேட்டுக்குங்க. சீரியஸாப் பண்ணச் சொன்னாரு. அப்பறம் அது எப்பிடிங்க காமெடி ஆகும்? கேலியெல்லாம் மத்த மூணு பேரோட போச்சு, நான் கேலி பண்ணல. நான் அடிச்சது அசலு. இன்னிக்கும் பாதிச் சனம் அதச் சிரிப்பு வெளம்பரம்னு சொல்லிட்டுத் திரியுது. கலை தெரியாதவங்ககிட்டப் போயி நாம சண்டை போட முடியுமா?

டிரஸ்ஸப் பத்திச் சொல்லோணுமே. ஜிகினா துணியில பேண்ட்டு. சட்டையில பாத்திரம் தேய்க்கற கம்பி நார வரிசையா வெச்சுத் தெச்சிருந்தாங்க. பூட்ஸுக்கு அடியில எங்க ஊரு ஆசாரி மரக்கட்டைய அறுத்து அடிச்சுக் குடுத்தாரு, போட்டா ஒரு மொழம் ஒசந்துருவோம். கழுத்துல ஸ்பூன் மாலை. காதுல டீ வடிகட்டி. குப்புராஜண்ணனுக்கு மைக்குக்குப் பதிலா சாரணிக் கரண்டி. கிட்டாருக்காரனுக்குத் தோசைக்கல்லுல கம்பி கட்டிக் குடுத்தாங்க. அந்தக் கம்பி நாரு இருக்குதே, அது கழுத்துல பட்டு என்ன அரிப்புங்கறீங்க! நான் தலையச் சுத்திச் சுத்தி ஆட்டறது செம ஸ்டைலுன்னு எல்லாரும் சொல்லுவாங்க. ஸ்டைலுந்தான், பாதி அரிப்புங்க.

மேக்கப் போட்டவருகிட்ட நானே சொன்னேன், "அண்ணா, எனக்கு மட்டும் இன்னுங் கொஞ்சம் கெட்டியா அப்புங்க"ன்னு. டிவியில வரப்போகுது. மாமன் பாத்துட்டாருன்னு வெச்சுக்குங்க, மேடையில தலைய ஆட்டறதுக்கே அந்தப் பேச்சுப் பேசுனவரு, உதட்டுச் சாயத்தோட பாத்தா சாந்தாமணிய அந்தத் தையிலயே பொள்ளாச்சிக்குத் தாட்டி விட்டுருவாரு. அதுனால கண்ணாடியில பாத்தா எனக்கே நான் யாருன்னு தெரியக் கூடாதுன்னு சொல்லிப்போட்டேன். அப்பிடியே பண்ணிக் குடுத்தாரு, நல்ல மனுசன்.

எல்லாம் செரியாத்தான் போச்சு. டிரம்ஸுக்கு வந்தப்பதான் வெனை. டிரம்ஸுக்குப் பதிலா பாத்திரம் வெச்சு அடிக்கோணும். மெட்ராஸுல இருந்து புத்தம் புதுசா எவர்சில்வர் பாத்திரம் கொண்டாந்திருந்தாங்க. குச்சிய வெச்சேன். சத்தமே இல்லீங்க. தகரத்த நகத்துல சொறண்டறாப்ல இருக்குது. "இதுல தாளம் நிக்காது தம்பி"ன்னேன். "அண்ணா, பாட்டு மெட்ராஸுல ஏற்கெனவே ரிக்கார்டு பண்ணியாச்சு. நீங்க அடிக்கற சத்தம் ஒரு சொட்டுக்கூட டிவியில வராது. சும்மா கையத் தூக்கித் தூக்கிப் போடுங்க போதும்"னாரு. கையத் தூக்கிப் போடறதுக்கு நான் எதுக்குங்க? எனக்கு வாசிப்புன்னா வாசிப்பா இருக்கோணும். "எங்கூட்டுல ஒண்ணு இருக்குது, சித்த இருங்க"ன்னு சொல்லிப்போட்டு சைக்கிள எடுத்துட்டேன்.

அம்மா சொந்தத்துல ஒறம்பரை வூட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தாங்க. அட்டாலி மேல அந்தப் பித்தளை அண்டா சாக்கு சுத்தி இருந்துச்சு. அது என்ன அண்டான்னு சொல்றனுங்க. என்ற மாமன் மீசை மொளைச்சும் மொளைக்காம மில்லுல வேலைக்குச் சேந்து, மொதச் சம்பளத்துல அக்கா கல்யாணத்துக்கு வாங்குனது. பஸ்ஸு மேல போட்டா நசுங்கிப் போயிரும்னு திருப்பூருல இருந்து மடியிலயே வெச்சுட்டு வந்தாராமா, இப்ப நீங்க வெச்சிருக்கறீங்களே, அதே மாதிரித்தான். கால் மரத்துப் போயி எறங்க முடியாம ரெண்டு பேரு புடிச்சு எறக்கி விட்டாங்களாம். "அக்கா ராமாத்தாளுக்குத் தம்பி வெள்ளிங்கிரி அன்பளிப்பு"ன்னு உளி வெச்சுத் தட்டியிருக்கும். எங்கம்மா அத எதுக்கும் எறக்க மாட்டாங்க. பொங்கலுக்கு மட்டும் எறக்கிப் புளி போட்டுத் தேச்சு, வாசல்ல வெச்சு ஒருக்காப் பாத்துட்டு, திரும்ப மேல ஏத்திருவாங்க. அண்ணந்தம்பி இல்லாதவங்க அந்தப் பக்கம் வந்தாத்தான் அதச் சித்த நேரம் கூடுதலா வெச்சிருப்பாங்கன்னு எங்கப்பா கிண்டல் பண்ணுவாரு.

அத எடுத்துட்டுப் போயிட்டேன். ஒரு அடி அடிச்சுக் காட்டுனேன் பாருங்க, "தொம்ம்"னு படம் எடுத்த கல்யாண மண்டபமே அதிருச்சு. டைரக்டர் தம்பி எந்திரிச்சே வந்துட்டாரு. சத்தத்துக்கு இல்லையாம், எல்லாம் வெள்ளியா இருக்கற எடத்துல இது ஒண்ணு மட்டும் தங்கமா மின்னுதாம். செரி, அவருக்குத் தெரிஞ்சது அவ்வளவு. அப்பத்தான் அந்தக் கேமராமேன்கிட்ட நான் சொன்னேன். கையப் புடிச்சுக்கிட்டே சொன்னனுங்க. "அண்ணா, இதுல எங்க மாமன் பேரு இருக்குது. பேரு இருக்கற பக்கம் பின்னால போகோணும். முன்னால தெரிஞ்சா என்ற வாழ்க்கையே போச்சு"ன்னு. அவரு வெத்தலை போட்டுட்டு "ம்ம், ம்ம்"னாரு. அண்டாவ அவரே திருப்பியும் வெச்சாரு. நான் நம்புனேன்.

அன்னிக்கு ஆடுன ஆட்டம் இருக்குதே! பொகை வர மிசின் மெட்ராஸுல இருந்து வரலைன்னு மூணு சட்டியில சாம்பிராணி போட்டு விட்டாங்க. மண்டபத்து வாட்ச்மேன் தீப்புடிச்சுருச்சுன்னு ரெண்டு கொடத்துத் தண்ணியோட ஓடியாந்துட்டாரு. குப்புராஜண்ணன் கட்டை பூட்ஸோட குதிச்சு எறங்க முடியாம அப்பிடியே கீழ உக்காந்துட்டாரு, அதையும் டைரக்டர் தம்பி நல்லா இருக்குதுன்னு வெச்சுக்கிட்டாரு. நான் கடைசியில குச்சிய மேல வீசிப் புடிச்சு, எடது கால ஒரு ஒதறு ஒதறி, அண்டாவுல ஒரு ரோல் விடுவேன். அது என்ற சொந்த ஐட்டமுங்க. மேடையில வழக்கமாப் பண்றது. கையில ரோல் வந்தா கால் தானா ஒதறிரும், எனக்கே தெரியாது. எல்லாம் முடிஞ்சு டைரக்டர் தம்பிகிட்ட அண்டாவக் கேட்டா, "அண்ணா, போஸ்டருக்குப் போட்டோ எடுத்துட்டு அனுப்பறேன்"னு மெட்ராஸுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாரு. பொங்கலுக்குள்ள வந்துரும்னு நானும் சாக்க மட்டும் சுருட்டி அட்டாலியில பழையபடி வெச்சுட்டேன்.

வெளம்பரம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், பாட்டுப் போடறதுக்கு முன்னால வந்துச்சு. எங்கூட்டுல தெருவே உக்காந்திருந்துச்சு. சனம் சிரிக்குது, கை தட்டுது, ஒரு கெழவரு பல்லுசெட்டக் கையில புடிச்சுட்டுச் சிரிக்கறாரு. எங்கம்மா மட்டும், "எந்த ஊரு கெரகமோ! இதுகளப் பெத்தவ பாத்தா என்ன பாடு படுவாளோ!"ன்னாங்க. நான் பக்கத்துலயே உக்காந்து முறுக்குத் தின்னுட்டு இருக்கறேன். அடுத்த நாள்ல இருந்து எந்தச் சந்துக்குப் போனாலும் பொடுசுக அன்னக்கூடையக் கவுத்துப் போட்டு அடிக்குதுக. பாம்பேல இருந்து வந்த ஆளுகன்னு பேச்சு. நான்தான்டான்னு கத்தோணும்னு நெஞ்சு முட்டும், வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன். சாந்தாமணிக்காகத்தானுங்க அத்தனையும். எத்தன தடவ வந்தாலும் விடாமப் பாப்பேன். நான் என்னையத்தான் பாப்பேன், அண்டாவ எங்க பாக்கறது?

மூணாவது வாரமோ என்னமோ, சனிக்கெழமை காலையில மொபெட்டுச் சத்தம் வாசல்ல. பாத்தா மாமன். பின்னால சாந்தாமணி. எங்கம்மாவுக்கு சந்தோசத்துல கைகால் ஓடல, "வா வெள்ளிங்கிரி, உள்ள வா"ன்னு ஓடுனாங்க. அவரு வாசல்லயே நின்னுட்டாரு.

"அக்கா, நான் குடுத்த அண்டா எங்க?"

"மேல இருக்குதுடா. ஏன்?"

"டிவியில எவனோ லிப்ஸ்டிக்குப் போட்ட நாயி குச்சிய வெச்சு அடிக்கறான். பேரு எழுத்தெழுத்தாத் தெரியுதாம். எனக்குத்தான் கண்ணு பத்தாது. புள்ள பாத்துப்போட்டுச் சொல்லுச்சு. அதான் சாட்சிக்கே கூட்டியாந்திருக்கறேன். எறக்கு, பாக்கறேன்."

அந்த வெத்தலைக்காரன் பேர முன்னால வெச்சு எடுத்துப்போட்டானே! அம்மா சிரிச்சுட்டே உள்ள போயி, ஸ்டூலு போட்டு ஏறி, சாக்கத் தொட்டாங்க. சாக்கு மடங்கிக் கீழ விழுந்துச்சு. ஸ்டூலு மேலயே நின்னுட்டாங்க. எறங்கத் தெரியல.

"வித்துட்டயாக்கா?"ன்னாரு மாமன். சத்தமே போடல. சத்தம் போட்டிருந்தாலும் தேவலைங்க. "கஷ்டம்னா என்கிட்டக் கேட்டிருக்கலாமே. ரெண்டு வருசம் பேசல, செரி. அதுக்காக நான் தம்பி இல்லைன்னு ஆயிருமா?"ன்னு கேட்டாரு. அம்மா எறங்கி ஓடியாந்தாங்க. சத்தியம் பண்றாங்க, சாமி படத்தக் காட்டறாங்க. திருட்டுப் போயிருக்கும்னா, "அண்டாவ எடுத்துட்டு சாக்கச் சுருட்டி வெச்சுட்டுப் போற திருடன் எந்த ஊருல இருக்கறான்?"னு கேக்கறாரு. திரும்பி மொபெட்டப் பாத்து நடக்க ஆரம்பிச்சுட்டாரு. எங்கம்மா கதவப் புடிச்சுட்டு நிக்கறாங்க. இந்தக் காலு திரும்ப இந்த வாசலுக்கு வராதுன்னு எனக்கும் தெரியுது, அவங்களுக்கும் தெரியுது.

சொல்லாட்டி அம்மாவுக்குத் தம்பி இல்ல. சொன்னா எனக்கு சாந்தாமணி இல்ல. நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? நான் யோசிக்கவே இல்லீங்க, வாயி முந்திக்கிச்சு. "மாமா, அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. அந்த லிப்ஸ்டிக்குப் போட்ட நாயி நான்தான்"னு சொல்லிப்போட்டேன்.

அவரு நம்பலீங்க! அதுதான் பெரிய கூத்து. "பெத்தவளக் காப்பாத்தப் பொய் சொல்றயாப்பா? அவன் பாம்பேக்காரன். ஆளு ஏழடி இருக்கறான்"ங்கறாரு. பூட்ஸுல கட்டை அடிச்சதையும், அண்டா மெட்ராஸுக்குப் போனதையும் சொன்னேன், நம்பல. நான் உண்மையச் சொல்லி, அந்த உண்மைய யாரும் கேக்காம, எனக்கு அழுகையே வந்துருச்சு.

அப்பத்தான் சாந்தாமணி வாயத் தொறந்தா. "அப்பா, ஆடிக் காட்டச் சொல்லுங்க. அந்தாளு குச்சியப் புடிச்சதும் எடது கால ஒரு ஒதறு ஒதறுவான். இவரு ஒதறறாரான்னு பாத்துக்கலாம்"னா. அது மட்டுமில்லீங்க. கைப்பையத் தொறந்து ஒரு லிப்ஸ்டிக்க எடுத்து நீட்டறா! "மூஞ்சி இருந்தாத்தான் அடையாளம் தெரியும்"னு சொல்றா. எங்க ஊருப் பக்கம் அப்ப ஒரு பொம்பள லிப்ஸ்டிக்குப் போட்டு நான் பாத்ததில்ல. இந்த முப்பது வருசத்துல இவளும் ஒரு நாள் போட்டதில்ல. அன்னிக்கு மட்டும் தற்செயலாப் பையில இருந்திருக்குது பாருங்க. பழனி முருகன் செயலுன்னு நான் வருசா வருசம் மொட்டை போடறது அதுக்குத்தான்.

போட்டுக்கிட்டேன். பட்டப் பகல்ல, வாசல்ல நின்னு, தெருவே வேடிக்கை பாக்க, உதட்டுல செவப்பா. முடிக்கு அம்மாவோட ஈரத் துண்டத் தலையில போட்டுக்கிட்டேன். அண்டா இல்ல, தண்ணி புடிக்கற பிளாஸ்டிக் கொடத்தக் கவுத்துக்கிட்டேன். குச்சிக்கு ரெண்டு வெறகு. "தேய்! தேய்! தேய்!"னு ஆரம்பிச்சேன். குப்புராஜண்ணன் பாடறதையும் நானே பாடுனேன், கிட்டாருக்காரன் மாதிரி மண்டியும் போட்டேன். பொடுசுக எல்லாம் சேந்து கத்துதுக. எங்கம்மா, "அய்யோ, பெத்தவ என்ன பாடு படுவாளோன்னனே, அது நான்தானா"ன்னு தலையில அடிச்சுட்டே சிரிக்கறாங்க. கடைசியில வெறக மேல வீசிப் புடிச்சேன், கொடத்துல ஒரு ரோல் விட்டேன். கால் ஒதறுச்சு. தானா.

மாமன் கிட்ட வந்தாரு. "இத்தன பேருக்கு முன்னால உதட்டுல சாயத்தப் பூசிட்டு ஆடறயே, வெக்கமா இல்லையா உனக்கு?"ன்னாரு.

"வெக்கமாத்தான் இருக்குது மாமா. அம்மா உங்க சீர வித்தாங்கன்னு நீங்க நெனச்சுட்டுப் போறதுக்கு இது எவ்வளவோ பரவால்ல"ன்னேன். ஏதோ வாயில வந்தது.

அவரு எங்கம்மாவப் பாத்தாரு. என்னையப் பாத்தாரு. துண்டெடுத்துக் கண்ணத் தொடச்சுட்டு, செருப்பக் கழட்டி விட்டுட்டு உள்ள வந்து, எங்கூட்டுப் பாயில உக்காந்தாரு. "அண்டா எப்ப வரும் மாப்ள?"ன்னு கேட்டாரு.

மாப்ளன்னாருங்க! ரெண்டு வருசங் கழிச்சு! ஏன் அப்பிடி மனசு மாறுனாருன்னு நெறையப் பேரு என்னென்னமோ சொல்லுவாங்க. அம்மாகூட, நீ சொன்ன அந்த வார்த்தைதான்டான்னு சாகற வரைக்கும் சொல்லிட்டு இருந்தாங்க. அதெல்லாம் இல்லீங்க. அந்த ரோல். பிளாஸ்டிக் கொடத்துல அப்பிடி ஒரு ரோல் அவரு வாழ்க்கையில கேட்டிருக்க மாட்டாரு. வாசிப்புக்கு மயங்காத மனுசன் உண்டா?

தையில உறுதி எங்களுக்கு ஆச்சு. பொள்ளாச்சிக்காரரு தங்கமான மனுசன், கல்யாணத்துக்கு வந்து டேபிள் ஃபேன் குடுத்துட்டுப் போனாரு. அண்டாவும் மெட்ராஸுல இருந்து வந்து சேந்துச்சு, வெண்முத்து போட்டுத் தேச்சு பளிச்சுனு. அடியில என்ற குச்சி பட்ட நசுங்கல் இன்னும் இருக்குது. தட்டி எடுத்துறலாம்னா சாந்தாமணி விடமாட்டேங்கறா. அது இருக்கட்டும்னு சொல்லிட்டா.

இப்பச் சொல்லுங்க, அந்தக் கேமராமேன் மேல எனக்குக் கோவம் இருக்குமா இருக்காதா? எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது, இல்லைன்னு சொல்லல. ஆனா கையப் புடிச்சுச் சொல்லியும் பேரக் காட்டுனான் பாருங்க! இத்தன பெரிய தப்ப...

இதா, பழனி வந்துருச்சு. சாந்தாமணி எந்திரிச்சு வாரா பாருங்க. அம்மிணி, இவருகிட்ட நம்ம அண்டாவப் பத்தித்தான் பழமை பேசிட்டு வந்தேன். இவரும் கல்யாணத்துக்குப் பாத்திரம் கொண்டு போறாரு. அந்தக் கேமராமேன் பண்ணுன வேலைய...

என்ன சொல்றே? கேக்கல, இந்தக் கண்டக்டரு விசிலடிக்கறான். இன்னொருக்காச் சொல்லு.

"பாவம், அந்தக் கேமராக்காரர விட்டுருங்க மாமா. எத்தன வருசந்தான் திட்டுவீங்க? பேரு எங்கயும் தெரியவே இல்ல. எடது காலுதான் தெரிஞ்சுது."

கேட்டீங்களாங்க? என்ன சொல்றா இவ? பேரு தெரியலைன்னா மாமன் எதுக்கு... சித்த இருங்க. எறங்கறவங்க எறங்கட்டும், நீங்க சித்த இருங்க.

அம்மிணி! ஏ சாந்தாமணி! அப்ப அந்த லிப்ஸ்டிக்கு?